விதி இல்லை என்றால் பேச்சும் இல்லையா?

கேள்வி: எனக்கு 36 வயது. பெருந்துறையில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கணவர் விபத்தில் இறந்து ஆறு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. கூட வேலை பார்க்கும் தோழியும் நானும் ஒரு லைன் வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறோம். இரண்டு வருடமாகக் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர் ஒருவரோடு பழகுகிறேன். மனைவியைப் பிரிந்தவர், விவாகரத்து வழக்கு நடக்கிறது. வேறு சாதி. எங்கள் இருவருக்குமே மறுபடியும் கல்யாணம் என்ற எண்ணம் இல்லை. சேர்ந்து குடியிருக்கவும் விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்வோம். பெயரும் வேண்டாம், விதியும் வேண்டாம், யாரும் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். "இதுக்கு ரிலேஷன்ஷிப் அனார்க்கின்னு பேரு" என்பார். போன மாதம் பத்து நாள் போனே இல்லை. கேட்டதற்கு, "நமக்குள்ளதான் விதியே கெடையாதே, அப்புறம் எதுக்குக் கேக்கற?" என்றார். வேறொரு பெண்ணோடும் நெருக்கம் ஏற்பட்டிருப்பதாகப் பிறகு சொன்னார். நான் பொறாமைப்படுகிறேனா, ஏமாறுகிறேனா என்றே தெரியவில்லை. தோழியோ, "நீ அவரோட போயிட்டா என் கதி என்ன?" என்கிறாள். நான் செய்வது சரியா? யாராவது கேட்டால் அவரை யாரென்று சொல்வது?
— ஒரு வாசகி, பெருந்துறை

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். வயது வந்த இருவர், ஒருவரையொருவர் ஏமாற்றாமல், கட்டாயப்படுத்தாமல், தாலி கட்டிக்கொள்ளாமலே அன்பாக இருப்பதில் தப்பு எதுவும் இல்லை. சட்டப்படியும் குற்றம் இல்லை. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசியதற்காக நடிகை குஷ்பு மீது தமிழ்நாடு முழுக்கத் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2010-இல் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. நம் கோவையிலும் ஒன்று நடந்தது. 2019-இல் அங்கே தினவாடகைக்கு அறை கொடுக்கும் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அப்படித் தங்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, அந்த டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் விடுதியைத் திறக்க உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்கு உறுத்தியது அந்தப் பத்து நாள்தான். அதைவிட அதிகமாக, அதற்கு அவர் சொன்ன பதில்.

அவர் வாயில் வரும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுவீடனைச் சேர்ந்த ஆண்டி நோர்ட்கிரென் 2006-இல் எழுதிய ஒரு சின்னப் பிரசுரத்திலிருந்து பரவியது அது. நட்பைவிடக் காதல் உசத்தி, காதலைவிடக் கல்யாணம் உசத்தி என்று உறவுகளை வரிசைப்படுத்த வேண்டாம். ஒருவர்மேல் அன்பு இருக்கிறது என்பதால் அவர்மேல் அதிகாரம் வந்துவிடாது. ஊர் போட்டுவைத்த அச்சில் வார்க்காமல், ஒவ்வொரு உறவையும் அந்த இருவரே பேசி அமைத்துக்கொள்ளட்டும். அதன் சாரம் இவ்வளவுதான். ஆனால் ஓயாமல் பேச வேண்டும், எதற்கு யார் பொறுப்பு என்பதை இருவரும் அறிந்து ஏற்க வேண்டும் என்பதும் அதே பிரசுரத்தில் இருக்கிறது. அவர் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் இந்தப் பின்பாதியை விட்டவர்கள்தான் அதிகம், அதிலும் ஆண்கள்தான் அதிகம். அவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் பேசிப் பழகாமலே வளர்ந்தவர்களுக்கு, பேசாமல் இருக்க ஒரு கொள்கை கிடைத்தது சௌகரியமாகப் போய்விட்டது.

கல்யாணத்தில் நிறைய விஷயங்களை யாரும் வாய் திறந்து பேசுவதே இல்லை. தீபாவளிக்கு யார் வீடு, சீர் யார் செய்வது, காய்ச்சலில் படுத்தால் பக்கத்தில் யார் உட்காருவது என்று எல்லாவற்றையும் வழக்கம் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் கட்டியிருக்கிறது. அந்த வழக்கம் வேண்டாம் என்று நீங்கள் இருவரும் விலக்கினீர்கள், நல்லது. அப்படியானால் வழக்கம் செய்துகொண்டிருந்த வேலையை இனி உங்கள் பேச்சு செய்ய வேண்டும். புருசன் பெண்டாட்டி பேசுவதைவிட நீங்கள் இருவரும் நாலு மடங்கு பேசியாக வேண்டும்.

அவர் கோபிக்காரர் என்பதால் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகத்துக்கு ஒரு பாதி மதகுகளுக்குத் தண்ணீர், அடுத்த போகத்துக்கு மறுபாதிக்கு. இந்தப் போகம் தனக்கு இல்லை என்று முன்கூட்டித் தெரிந்த விவசாயி அதற்கேற்ற வெள்ளாமையைப் பார்த்துக்கொள்கிறார். வருமா வராதா என்றே தெரியாதவர்தான் ராத்திரியெல்லாம் கரையில் நிற்கிறார். அந்தப் பத்து நாளும் நீங்கள் கரையில் நின்றீர்கள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவருடைய சுதந்திரத்தில் ஒரு குந்துமணி குறைந்திருக்காது.

அவரிடம் எப்படிக் கேட்பது? "ஏன் பண்ணல?" என்று ஆரம்பித்தால் அவர் விசாரணைக் கூண்டில் ஏறிவிடுவார். உங்களால் எது முடியும், எது முடியாது என்பதை உங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்: "எனக்கும் விதியொண்ணும் வேண்டாமுங்க. ஆனா பத்து நாளு நீங்க இருக்கீங்களா இல்லியான்னே தெரியாம என்னால இருக்க முடியாது. முடியாத வாரத்துல ‘முடியல’ன்னு ஒரே ஒரு வரி அனுப்புங்க. காரணம் கேக்க மாட்டேன்." இதில் நீங்கள் அவரைக் கட்டிப்போடவில்லை. எந்த நிலையில் நீங்கள் இந்த உறவில் இருப்பீர்கள் என்பதைச் சொல்கிறீர்கள். இதற்கும் "விதி கெடையாதே" என்றுதான் பதில் வருமென்றால், அவர் கேட்பது விதியில்லாத உறவு இல்லை, கேள்வியில்லாத உறவு. அதற்கு நீங்கள் என்றைக்குமே சம்மதம் சொல்லவில்லை.

என்னிடம் வந்த ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்லலாம், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதை நெருங்குகிறவர்கள். அவர் கரூரில், அந்த அம்மா திருப்பூரில். கல்யாணமும் இல்லை, ஒரே வீடும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். போன மாதம் எது நன்றாக இருந்தது, எது வலித்தது, இந்த மாதம் எது வேண்டும், எது வேண்டாம். ஒரு முறை அந்த அம்மா, "இந்த மாசம் ராத்திரி தங்க வேண்டாமுங்க, வந்து சாப்புட்டுட்டுப் போங்க, போதும்" என்றிருக்கிறார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை, அடுத்த வாரம் வராமலும் இருக்கவில்லை. சம்மதம் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்த அம்மாவுக்குப் பயமில்லாமல் இருந்தது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். உங்களையே கேட்டுப் பாருங்கள்: அவரிடம் "இன்னிக்கு வேண்டாம்" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? சொன்னபோது என்ன ஆயிற்று?

அடுத்து, அந்த இன்னொரு பெண். "யாரும் யாருக்கும் சொந்தமில்லை" என்று இரண்டு வருடத்துக்கு முன் தலையாட்டியது, இப்போது நடப்பதற்கெல்லாம் சேர்த்துக் கொடுத்த சம்மதம் ஆகாது. நிலைமை மாறினால் மறுபடியும் கேட்க வேண்டும், அதுவும் நடப்பதற்கு முன்பே. எல்லாம் நடந்த பிறகு வந்து சொன்னதைத் தகவல் என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கேளுங்கள். உங்களைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அங்கே ஏமாற்றப்படுவது அந்தப் பெண். மூன்று பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதைச் சுதந்திரமான உறவென்று யாரும் சொல்லக் கூடாது.

உடல்நலத்தையும் கூச்சப்படாமல் பேசுங்கள். அவருக்கு இன்னொருவரோடும் உடலுறவு உண்டென்றால் உங்கள் இருவருக்கும் ஆணுறை அவசியம், பரிசோதனையும் அவசியம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். கல்யாணமானவரா என்பதெல்லாம் அங்கே நிபந்தனை இல்லை, முடிவை ரகசியமாக வைத்திருக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. "என்னை நம்ப மாட்டியா?" என்று அவர் கேட்டால், இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று சொல்லுங்கள்.

பொறாமையா, ஏமாற்றமா என்று குழம்புகிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பொறாமை வந்துவிட்டால் நாம் அந்தக் காலத்து ஆள் என்று உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ள வேண்டாம். அது வந்தால் அடக்காதீர்கள், கொஞ்சம் உட்காரவைத்து விசாரியுங்கள். எதை இழக்கப் பயப்படுகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமையையா? அவர் உங்களிடம் மட்டும் சொல்லும் விஷயங்களையா? இல்லை, கணவர் ஒரு நாள் போனவர் திரும்பி வரவே இல்லையே, அந்தப் பயமா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இந்தக் கடைசிப் பயம்தான் எனக்குத் தட்டுப்படுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் காணாமல் போனால் மற்றவர்களைவிட உங்களுக்கு நெஞ்சு அதிகமாகப் பதறும். அதற்கு உங்கள்மேல் குற்றம் இல்லை, அவர்மேலும் குற்றம் இல்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சொல்லியிருக்கிறீர்களா? அதே சமயம், எவ்வளவு பேசினாலும் இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்வது உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்தால், ஒத்துவராது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னதால் நீங்கள் குறுகிய மனதுக்காரர் ஆகிவிட மாட்டீர்கள்.

இப்போது உங்கள் தோழி. கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறார், ஆனால் கூடவே வாழ்கிறவர் அவர்தான். வாடகையைப் பகிர்ந்துகொள்பவர், ராத்திரி நேரமானால் விழித்திருப்பவர். அவர் கேள்வி நியாயமானது. பெயரில்லாத உறவு வேண்டும் என்று நினைக்கிற நீங்கள், உங்களுக்கு ஏற்கெனவே அப்படியொரு உறவு இருப்பதைக் கவனித்தீர்களா? நம் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கும் அவருடைய உடன்பிறந்தாளுக்கும் உள்ள பந்தத்தைப் பந்தலில் எல்லோர் முன்னிலையிலும் வைத்துச் செய்கிற சீர். ஒருத்தி புதிதாக வருகிறாள் என்பதற்காக முன்பே இருந்தவளை ஓரங்கட்டிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். சாதியும் சொத்தும் அந்தச் சடங்குகளில் கலந்திருப்பது தெரியாமல் இல்லை. அந்த அக்கறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். தோழியிடம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வீட்டில் எவ்வளவு காலம் சேர்ந்து இருக்க நினைக்கிறீர்கள், ஒருவர் கிளம்புவதென்றால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் யாருடையது, அந்தக் கோபிக்காரர் வீட்டுக்கு வந்தால் தோழிக்குச் சம்மதமா. அந்தக் கோபிக்காரரிடம் நீங்கள் எதிர்பார்க்கிற பேச்சையெல்லாம் தோழிக்கும் கொடுங்கள்.

இருவர் பேசி முடிவு செய்வதே உறவு என்பது ஒன்றும் வெளியூர்ச் சரக்கு இல்லை. குழந்தை விதவையான தன் தங்கை மகளுக்கு 1909-இலேயே ஊரை எதிர்த்து மறுமணம் செய்துவைத்தவர் ஈரோட்டுப் பெரியார். புரோகிதர் இல்லாமல், இருவரும் உறுதிமொழி சொல்லி வாழ்க்கைத் துணைவர்களாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தை இயக்கமாக ஆக்கினார். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் அது சட்டப்படி செல்லும் என்று ஆனது. நீங்கள் இருவரும் திருமணமே வேண்டாம் என்கிறீர்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் ஒப்பந்தமும் வேண்டாம் என்று சொன்னால், பலம் அதிகம் உள்ளவர் நினைத்ததுதான் நடக்கும்.

சட்டம் உங்களை எப்படிப் பார்க்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்டுத் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 2010-இல் தீர்ப்பு வந்தது. ‘திருமணம் போன்ற உறவு’ என்றால் என்ன என்று அதில்தான் விளக்கினார்கள். இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணவன் மனைவி போல ஊரறிய நடந்துகொண்டிருக்க வேண்டும், தாமாக விரும்பிக் கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதிகளைச் சேர்ந்து கழிப்பது மட்டும் இதில் சேராது என்றும் சொல்லிவிட்டார்கள். அதாவது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்போ, ஜீவனாம்சமோ உங்கள் ஞாயிற்றுக்கிழமை உறவுக்குக் கிடைப்பது கடினம். அவருக்கு விவாகரத்துத் தீர்ப்பு இன்னும் வராததால், நாளைக்கே சேர்ந்து குடியிருந்தாலும் சிக்கல்தான். பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு இது குற்ற வழக்கு ஆகாது. ஆனால் பிறன்மனை உறவு விவாகரத்துக்கான காரணமாக இன்னும் இருக்கிறது, அந்த வழக்கில் உங்கள் பெயர் இழுக்கப்படலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் வாய்ச்சொல்லில் விடாமல், காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் பெயரில் மனையோ நகையோ சேமிப்போ இருந்தால் இந்த மாதமே உயில் எழுதுங்கள். குழந்தை இல்லாத இந்து விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துகூட, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய்க்குக்கூட அதற்குப் பிறகுதான். எத்தனையோ படித்த பெண்களுக்கு இது தெரியாது. உங்கள் அம்மாவுக்கோ தோழிக்கோ ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் எழுதித்தான் வைக்க வேண்டும். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. பழைய எல்.ஐ.சி. பாலிசியில் இன்னும் கணவர் பெயரே நாமினியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாதியைப் பற்றி நீங்கள் இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015-இல் திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததற்காகவே கோகுல்ராஜ் என்ற இளைஞரைக் கடத்திக் கொன்றார்கள். மறு வருடம் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில், வேறு சாதிப் பெண்ணை மணந்த சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். முதலாவது வழக்கில் காதலா நட்பா என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை. நீங்கள் உறவுக்குப் பெயர் வைக்காமல் இருக்கலாம், பார்க்கிறவர்கள் வைத்துவிடுவார்கள். நீங்கள் முப்பத்தாறு வயதுப் பெண், சொந்தக் காலில் நிற்கிறவர், அப்படியெல்லாம் நடக்காது என்று தோன்றலாம். நடக்கக் கூடாது என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்பது தோழிக்குத் தெரிந்திருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்தோ அவர் வீட்டிலிருந்தோ மிரட்டல் வந்தால், குரல் பதிவையும் செய்தியையும் அழிக்காதீர்கள். உடனே 112-ஐயோ பெண்கள் உதவி எண் 181-ஐயோ அழையுங்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். "வெளிப்படையா இருந்தா என்ன, யாருக்குப் பயம்?" என்று அவரோ வேறு யாரோ உங்களைத் தள்ளினால் தள்ளப்படாதீர்கள். வெளியே தெரிந்தால் யாருக்கு அடி விழும், யாருக்கு வேலை போகும், யாரை வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வார் என்பதை வைத்து எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவெடுங்கள். உங்கள் இருவரில் அதிகம் இழக்கக்கூடியவர் எவரோ, அவர் சொல்வதே கடைசி வார்த்தை.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். லைன் வீட்டுக்காரர்களுக்கும் ஆபீஸில் கேட்பவர்களுக்கும் "தெரிஞ்சவர்" போதும், அது பொய் இல்லை. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவசரமில்லாமல் யோசியுங்கள். சொல்வதென்றால் பக்கத்துவீட்டார் வாயிலிருந்து அவர் காதுக்குப் போவதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். அந்தக் கோபிக்காரர் உங்களை யாரென்று சொல்கிறார் என்பதையும் கேளுங்கள். அந்த இன்னொரு பெண்ணிடம் அவர் உங்களை என்ன சொல்லி அறிமுகம் செய்தார் என்பதிலிருந்து உங்களுக்கு நிறையத் தெரிந்துவிடும்.

அவர் பேச வந்தால் இருவரும் சேர்ந்து ஒரு ஆலோசகரைப் பார்க்கலாம். வராவிட்டால் நீங்கள் மட்டுமாவது போங்கள். இடையில் தூக்கம் கெட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்தோடு தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர், ஈரோடு